கிழக்கெல்கை ஓடை

நாகர்கோவிலில் ஐம்பது வயதைத் தொட்டவன் வாடகை வீட்டில் இருந்தால் ஊர் அவனைப் பார்த்துப் பரிதாபப்படாது, சந்தேகப்படும். குடிப்பானோ, சீட்டுக் கம்பெனியில் போட்டுத் தொலைத்திருப்பானோ என்று. கல்யாண வீட்டில் பந்திக்குக் காத்திருக்கும்போது "பிள்ளைக்கு என்ன படிப்பு?" என்பதற்கு அடுத்த கேள்வி "வீடு எத்தன சென்டுல?" வாடகை என்று நாம் சொல்லி முடிப்பதற்குள் கேட்டவர் அந்தப் பக்கத்து ஆளிடம் திரும்பியிருப்பார். இப்படிச் சில பந்திகளைக் கடந்த பிறகு, இனி சொந்த வீட்டிலிருந்து புறப்பட்டால்தான் எந்தக் கல்யாணத்துக்கும் வருவேன் என்று என் மனைவி அறிவித்துவிட்டாள்.

மனை வாங்கிக் கட்டலாம் என்றால் அதற்குத் தனி ஜாதகம் வேண்டும். கொத்தனார் வரும் நாளில் கம்பி வராது, கம்பி வரும் நாளில் எம்-சாண்ட் வராது, மூன்றும் வந்த நாளில் ஆசாரியின் மச்சினிக்கு வளைகாப்பு. எனவே கட்டி முடித்த வீடு. சாவியை வாங்கினோமா, பாலைக் காய்ச்சினோமா என்று இருக்க வேண்டும்.

நாகர்கோவில் 2019-இல் மாநகராட்சி ஆனது. நகரத்துக்கு வெளியே எந்தத் திசையில் போனாலும் வயலுக்கு நடுவே ஒரு வளைவு நிற்கிறது. வளைவில் ஆங்கிலத்தில் ஒரு தோட்டத்தின் பெயர். உள்ளே தோட்டம் இருக்காது. நாங்கள் பார்த்த இடம் பழையாற்றுக்குச் சற்றுத் தள்ளி. ஊர்ப் பெயர் வேண்டாம். எட்டு வீடுகள். ஒவ்வொன்றும் 4 சென்ட், அதாவது 1,742 சதுர அடி மனையில் மாடியோடு. முகப்பில் கறுப்புக் கிரானைட், அதில் பதித்த விளக்கு, கார் நிறுத்தத்துக்கு மேலே கண்ணாடிக் கூரை. ஆரல்வாய்மொழிக் கணவாயை நோக்கி ஆடிக்காற்று பாயும்போது இந்தக் கண்ணாடி எந்த ஊருக்குப் போகும் என்று கேட்டேன். "டஃபன்டு கிளாஸ் சார்" என்றார் விற்பனைப் பையன். காற்றுக்கு அது தெரியுமா என்று கேட்கவில்லை.

பையன் நல்லவன். அவன் எல்லாத் தூரத்தையும் நிமிடத்தில்தான் சொல்வான். ஆஸ்பத்திரி ஐந்து நிமிடம், ரயில்வே ஸ்டேஷன் ஏழு நிமிடம், நால்வழிச்சாலை இரண்டு நிமிடம். அந்த நால்வழிச்சாலை பல வருடங்களாக எங்கள் மாவட்டத்துக்கு வந்துகொண்டே இருக்கிறது. இவன் கணக்கில் இரண்டு நிமிடம் பாக்கி. வாஸ்துவும் பக்கா. கன்னிமூலை உயரம், ஈசானியம் பள்ளம். இந்தியாவுக்கே கன்னிமூலை ஏறக்குறைய நாங்கள்தான், எங்களுக்கு எதற்கு வாஸ்து என்று சொல்லிப் பார்த்தேன். மனைவி முறைத்தாள்.

எல்லாவற்றுக்கும் மேலே 'லேக் வியூ'. மாடி வராந்தாவில் நின்றால் குளம் தெரியும். நாஞ்சில் நாட்டில் எங்கே நின்றாலும் குளம் தெரியும். அதற்குக் காசு வாங்குவது புதிது. சுசீந்திரம், தேரூர்க் குளங்களையும் வேம்பனூர்க் குளத்தையும் 2022-இல் ராம்சர் பட்டியலில் சேர்த்தார்கள். உலக அளவில் காக்க வேண்டிய நீர்நிலைகள் என்று பொருள். அந்தச் செய்தியை வெட்டி லேமினேட் செய்து வைத்திருந்தான் பையன். "இன்டர்நேஷனல் லேக் சார்" என்றான். இந்தக் குளம் அந்தப் பட்டியலில் இல்லையே என்றதற்கு, "எல்லாம் ஒரே தண்ணிதானே சார்" என்றான். அன்று அவன் சொன்னவற்றில் அது ஒன்றுதான் முழு உண்மை.

கத்தாரிலிருந்து என் மச்சினன் வீடியோவில் வந்தான். கழிப்பறை டைல்ஸைக் காட்டச் சொன்னான், சமையலறை மேடையைக் காட்டச் சொன்னான். "அத்தான், யோசிக்காதீங்கோ. பேங்க் லோன் அப்ரூவல் இருக்கு. பேங்க்காரன் பாக்காமலா குடுப்பான்?" வங்கிக்காரர் பார்ப்பது உண்மைதான். என் சம்பளச் சீட்டை அவர் மேலும் கீழும் பார்த்தார். நிலத்தை அப்படிப் பார்த்தாரா என்று தெரியவில்லை.

அடுத்தது வக்கீல். நண்பர் என்பதால் பீஸ் வாங்க மாட்டார், அதற்குப் பதிலாகப் பேசுவார். 2016 செப்டம்பர் 9 அன்று அங்கீகாரமில்லாத மனைகளைப் பதிவு செய்யக்கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் தடை போட்டதிலிருந்து தொடங்கினார். 2017-இல் வந்த வரன்முறைத் திட்டம் வழியாக வந்து, கடைசியில் ரெராவில் நின்றார். மனை வணிகச் சட்டம். முன்பணமாகப் பத்து சதவீதத்துக்கு மேல் வாங்க வேண்டுமானால் முதலில் ஒப்பந்தத்தைப் பதிவு செய்ய வேண்டும். ஒப்படைத்து ஐந்து வருடத்துக்குள் கட்டுமானத்தில் குறை தெரிந்தால் கட்டியவரே சரி செய்து தர வேண்டும். "நல்ல சட்டம்வே" என்றார். ஆனால் 500 சதுர மீட்டருக்கு மிகாத நிலத்துக்கும், எட்டு வீட்டுக்கு மிகாத திட்டத்துக்கும் ரெராவில் பதிவு தேவையில்லை.

"நம்ம திட்டத்துல எத்தன வீடு?" என்றார்.

எட்டு.

திருவிதாங்கூரில் எட்டு வீட்டுப் பிள்ளைமாரை அடக்க மார்த்தாண்ட வர்மாவே பெரும்பாடு பட்டார். இந்த எட்டு வீட்டுக்காரரை அடக்க நான் யார்? மதிலுக்கு அந்தப் பக்கம் இன்னும் எட்டு வீடு எழும்பிக்கொண்டிருந்ததைப் பையனிடம் கேட்டேன். "அது எங்க ஓனரோட சித்தப்பா புராஜக்ட் சார். வேற கேட், வேற பேரு." எல்லாக் கட்டங்களையும் சேர்த்தே எட்டு என்று சட்டம் சொல்கிறது. சித்தப்பாவைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

இந்தக் கட்டத்தில் மாமனாரை அழைத்துப் போனோம். மாமா தோவாளைப் பக்கத்து விவசாயி. கன்னிப்பூ, கும்பப்பூ என்று இரண்டு போகமும் பார்த்தவர். பேச்சிப்பாறை அணையை மூலம் திருநாள் காலத்தில் 1897-இல் தொடங்கி 1906-இல் முடித்தார்கள். அந்தத் தண்ணீர் தம் கடைமடைக்கு எந்தக் கிழமை வரும் என்பதில் ஆயுளில் பாதியைச் செலவழித்தவர் மாமா. வீட்டுக்குள் அவர் நுழையவே இல்லை. குடையை ஊன்றிக்கொண்டு மதிலைச் சுற்றி நடந்தார். பின்பக்கம் ஓரிடத்தில் நின்று குடை முனையால் மண்ணைக் கிண்டினார். மேலே ஒரு சாண் செம்மண், சரளை கலந்து. அதற்குக் கீழே கறுத்த களி. களியோடு வெள்ளையாக ஏதோ வந்தது. எடுத்து விரலால் துடைத்து என் உள்ளங்கையில் வைத்தார். வயல் நத்தையின் ஓடு. இன்னும் கொஞ்சம் கிண்டினார், இன்னும் இரண்டு வந்தன. பையன் தன் ஷூவைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"தம்பி, மழ பெஞ்சா தண்ணி எங்கோடிப் போவும்?"

"டிரெயினேஜ் இருக்கு பாட்டா."

"அது எங்கோடிப் போவும்?"

"மெயின் டிரெயினேஜுக்கு."

"அது?"

"ஓடைக்கு."

"ஓடைய எங்க?"

பையன் போனை எடுத்து யாரையோ அழைத்தான். எடுக்கவில்லை. பிறகு ஒரு நல்ல பதில் கிடைத்த முகத்தோடு, "2021 நவம்பர் வெள்ளத்துலகூட இங்க ஒரு வீட்டுலயும் தண்ணி ஏறல பாட்டா" என்றான்.

"அப்போ இங்க வீடே இல்லியே மக்கா" என்றார் மாமா.

அந்த நவம்பரை எங்கள் ஊரில் யாரும் மறக்கவில்லை. குளங்கள் உடைந்தன, ரயில் பாதையில் மண் சரிந்தது, முதலமைச்சர் வந்து பார்த்துவிட்டுப் போனார். தண்ணீர் அன்று புதிதாக எங்கும் போகவில்லை. எப்போதும் போகும் வழியில்தான் போயிற்று. வழியில் வீடுகள் நின்றன.

வயல் ஒரே நாளில் மனையாவதில்லை. முதலில் நெல்லுக்கு ஆள் கிடைக்கவில்லை என்று வாழை வைப்பார்கள். பிறகு தென்னை. பிறகு சில வருடம் சும்மா கிடக்கும், மாடு மேயும். ஒரு நாள் காலையில் பார்த்தால் மஞ்சள் பெயின்ட் அடித்த கல் நட்டிருக்கும். அதற்குள் அது வயலாக இருந்ததையே அக்கம்பக்கம் மறந்திருக்கும். திருவிதாங்கூருக்கே சோறு போட்ட நாடு என்று நாங்கள் இன்னும் மேடையில் பேசுகிறோம். பேசுகிற மேடையும் ஏதாவதொரு வயலில்தான் நிற்கும். மாமாவும் தம் வயலில் ஒரு துண்டை விற்றவர்தான். விற்றது எங்கள் கல்யாணச் செலவுக்கு என்பதால் இந்த விஷயத்தை நான் இதற்கு மேல் நீட்டுவதில்லை.

ஓடை எங்கே என்ற கேள்விக்கு விடை வேறொரு இடத்திலிருந்து வந்தது. வக்கீல் மூலப் பத்திரம் கேட்டிருந்தார். 1956 நவம்பர் 1 அன்று தமிழ்நாட்டோடு சேரும்வரை நாங்கள் மலையாளத்துக்காரர்களின் ஆட்சியில் இருந்ததால், இங்கே பழைய பத்திரங்களில் நிறைய மலையாளத்தில் இருக்கும். தேதி கொல்லம் ஆண்டு. இது 1110-ஆம் ஆண்டுப் பத்திரம், அதாவது 1934-35. கையெழுத்தோ சுருண்டு சுருண்டு பூச்சி ஊர்ந்தது போலப் போகிறது. வக்கீலுக்கு மலையாளப் படம் புரியும், பத்திரம் புரியாது. விளவங்கோட்டிலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரைப் பிடித்தோம். அவர் கண்ணாடியை மாற்றிக்கொண்டு, கிழவியிடம் கதை கேட்பவர் போலத் தலையை ஆட்டி ஆட்டிப் படித்தார். விற்றவர், வாங்கியவர், விதைப்பாடு, வரி எல்லாம் கடந்து எல்கைக்கு வந்தார்.

"வடக்கெல்கை குளத்துக் கரை. மேக்கெல்கை வேற ஆளுக்க வயலு. தெக்கெல்கை வரப்பு. கிழக்கெல்கை ஓடை."

நான் லே-அவுட் வரைபடத்தை விரித்தேன். கிழக்கே, வளைவிலிருந்து எட்டு வீட்டு வாசலுக்கும் நேராக வருகிற 20 அடி சிமென்ட் ரோடு. படம் அச்சடித்தவர் அதற்கு 'அவென்யூ' என்று பெயரும் போட்டிருந்தார்.

மறுநாள் பையனிடம் கேட்டேன். "அது அந்தக் காலத்து ஓடை சார். இப்ப ரோடு. இருபது அடி." இதற்குமேல் அவனைக் கேட்டுப் பயனில்லை. ஓடைக்குச் சேதி சொல்ல வேண்டியது அவன் வேலையும் இல்லை.

பத்திரச் செலவையும் சும்மா ஒருமுறை போட்டுப் பார்த்தேன். முத்திரைத்தாள் கட்டணம் 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். 60 லட்சத்துக்குப் பதிந்தால் 5 லட்சத்து 40 ஆயிரம், அரசாங்கத்துக்கு மட்டும். ஓர் ஓடையின்மேல் உரிமை கொண்டாட அது அதிகம் என்று பட்டது. மச்சினனிடம் சொன்னபோது, "அத்தான், அப்பாவ ஏன் கூட்டிட்டுப் போனீங்கோ?" என்று மட்டும் கேட்டான். மனைவி ஒரு வாரம் பேசவில்லை. பிறகு, கல்யாணங்களுக்கு மொய்யை ஆள்வசம் கொடுத்து அனுப்பிவிடலாம் என்று முடிவு செய்தாள்.

நாங்கள் அந்த வீட்டை வாங்கவில்லை. இப்போது மேட்டு விளைகளில் பழைய ஓட்டு வீடு எதுவும் வருமா என்று பார்த்துக்கொண்டிருக்கிறோம். மாமாவுக்கு ஒன்று பிடித்திருக்கிறது: முற்றத்தில் பலா, கிணற்றில் கோடையிலும் தண்ணீர், வாசலில் கார் திரும்பாது. எங்களிடம் கார் இல்லை.

நீங்களும் நாகர்கோவில் பக்கம் புது வீடு பார்ப்பதாக இருந்தால் சித்திரையில் போகாதீர்கள். சித்திரையில் எல்லா இடமும் காய்ந்துதான் கிடக்கும். எங்கள் மாவட்டத்துக்குத் தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு பருவமழையும் உண்டு. ஆனியை விட்டால் ஐப்பசியில் போகலாம், விற்பவர் கூப்பிடாத நாளாகப் பார்த்து. மூலப் பத்திரத்தில் நான்கு எல்கையையும் படித்துவிட்டுப் போங்கள். துணைக்கு ஆள் வேண்டுமென்றால் எங்கள் மாமா சும்மாதான் இருக்கிறார். போய்வர பஸ் காசும், ஒரு டீயும், இரண்டு ரசவடையும் போதும். குடையை அவரே கொண்டு வருவார்.