அப்பா கேட்ட ரயில்

தாலின்,
சனிக்கிழமை, மாலை நான்கு மணி (இருட்டத் தொடங்கிவிட்டது)

அன்புள்ள அப்பாவுக்கு,



போன வாரம் போனில் நான் சம்பளம், சளி, சாப்பாடு என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டு வந்தேன். நீங்கள் குறுக்கே புகுந்து, "அதெல்லாம் கிடக்கட்டும், அந்த ஊர்ல ரயில் இருக்கா, இல்லையா?" என்றீர்கள். பின்னால் அம்மா, "மெலிஞ்சிருக்கானான்னு கேளுங்க" என்றதும் காதில் விழுந்தது. மெலியவில்லை. ரயில் இருக்கிறது. மீதியைப் போனில் சொன்னால் மில்லிமீட்டர் கணக்குக் கேட்பீர்கள், ஆகையால் கடிதம்.

மில்லிமீட்டரிலேயே ஆரம்பிக்கிறேன். இந்த எஸ்டோனியாவில் ஓடுவது ரஷ்ய கேஜ், 1520. ஜார் மன்னர் காலத்தில், 1870இல், பீட்டர்ஸ்பர்க்கிலிருந்து போட்ட பாதையின் வாரிசு. இப்போது புதிதாக வருகிற பாதை 1435. ஆமாம் அப்பா, குறைகிறது. மீட்டர் கேஜைப் பிடுங்கி பிராட் கேஜ் போடுவதிலேயே சர்வீஸைக் கழித்த உங்களுக்கு நெஞ்சு பொறுக்காது என்று தெரியும். நம் பிராட் கேஜின் 1676ஐ இங்கே ஆபீசில் சொன்னேன். உயரமான ஆளின் செருப்பு அளவைக் கேட்டதுபோல் மரியாதையாகத் தலையாட்டினார்கள்.

பழைய பாதையை இவர்கள் தொடவில்லை. தனியாகவே வேறு பாதை போடுகிறார்கள். 'ரெயில் பால்டிகா' என்று பெயர். தாலினில் புறப்பட்டு, பார்னு, லாத்வியாவில் ரீகா, லிதுவேனியாவில் கௌனாஸ் வழியாக போலந்து எல்லை வரை 870 கிலோமீட்டர். வண்டி 249 கிலோமீட்டர் வேகத்தில் போகிற மாதிரி வடிவமைப்பு. 2030க்குள் முதல் கட்டம் என்கிறார்கள். வித்தியாசம் வெறும் 85 மில்லிமீட்டர், ஓர் உள்ளங்கை அகலம். அந்த உள்ளங்கைக்காக மூன்று நாடுகளும் சேர்ந்து 2017இல் போட்ட கணக்கு 580 கோடி யூரோ. 2024இல் தணிக்கைக்காரர்கள் உட்கார்ந்து கூட்டிப் பார்த்து, 2,400 கோடி வரைக்கும் போகலாம் என்றார்கள். "எஸ்டிமேட்டுன்னா அப்படித்தான்டா" என்று நீங்கள் சொல்வது இங்கே கேட்கிறது.

ஏன் இத்தனை பிடிவாதம் என்று உடன் வேலை செய்பவரைக் கேட்டேன். கிழக்கே கையைக் காட்டிவிட்டுக் காபி குடிக்கப் போய்விட்டார். இங்கே விளக்கம் என்றால் அவ்வளவுதான். கரண்டிலும் இதே கதை. சோவியத் காலத்திலிருந்து ரஷ்யாவோடு கோத்திருந்த மின்தொடரை 2025 பிப்ரவரியில் அறுத்துக்கொண்டு, மறுநாளே ஐரோப்பாவோடு இணைத்துக்கொண்டார்கள். கரண்டு போகும் என்று நான் மெழுகுவத்தி வாங்கி வைத்தேன். பல்பு ஒரு தடவை கண் சிமிட்டக்கூட இல்லை. மெழுகுவத்தியை யார் தலையில் கட்டுவது என்று தெரியவில்லை.

பார்னு என்றேனே, அது கடற்கரை ஊர். கோடையில் நாடே அங்கே போய் மணலில் படுத்துக்கிடக்கும். அந்த ஊருக்கு 2018 டிசம்பரோடு ரயில் நின்றுபோனது. புதுப் பாதை வரும்வரை பஸ்தான். ஊர்க்காரர்கள் அலுத்துக்கொண்டால் நான் ஒன்றும் பேசுவதில்லை. திருவாரூர்–காரைக்குடி லைனை 2012இல் நிறுத்தி 2019இல் முழுசாகத் திறந்ததைப் பார்த்த பட்டுக்கோட்டைக்காரன் பொறுமையைப் பற்றி அடுத்தவனிடம் கற்றுக்கொள்ள ஒன்றுமில்லை.

ஹாப்சாலு என்று இன்னோர் ஊருக்கும் போனேன், உங்களுக்காகவே. அங்கே ஜார் குடும்பம் மழையில் நனையாமல் இறங்குவதற்காக 200 மீட்டருக்கு மேல் நீளமாய்க் கூரை போட்ட மரப் பிளாட்பாரம் இருக்கிறது. தூணெல்லாம் என்ன இழைப்பு! பயணிகள் ரயில்தான் 1995இலேயே நின்றுவிட்டது. தண்டவாளத்தைப் பிடுங்கி, அந்த மேட்டில் சைக்கிள் ஓட்டுகிறார்கள். பழைய இன்ஜின்களை நிறுத்தி மியூசியம் வைத்திருக்கிறார்கள். பிளாட்பாரத்தைப் படம் எடுத்திருக்கிறேன். ராத்திரியில் பார்க்காதீர்கள், தூக்கம் போய்விடும்.

இப்போது பெருமை ஒன்று. முப்பத்தைந்து வருஷம் வெயிலில் ட்ராலி தள்ளி நீங்கள் வாங்கிய ஃப்ரீ பாஸை, நான் விலாசத்தைப் பதிவு செய்தே வாங்கிவிட்டேன். தாலினில் குடியிருப்பதாகப் பதிந்தவர்களுக்கு 2013இலிருந்து நகரத்து பஸ், டிராம் எல்லாம் இலவசம். ஃபர்ஸ்ட் கிளாஸ் மட்டும் இல்லை.

அடுத்தது நீங்கள் நம்ப மாட்டீர்கள். இங்கே ராத்திரியில் நடந்து போகிறவன் உடம்பில் ரிஃப்ளெக்டர் தொங்கவேண்டும். சட்டம். இல்லாவிட்டால் அபராதம். ஊரில் மாட்டுவண்டிக்குப் பின்னால் போலீஸ் ஒட்டிவிடுவார்களே, அதேதான், கயிறு கட்டி, ஊக்கு குத்தி, மனுஷனுக்கு. ராத்திரிதானே என்று நினைக்காதீர்கள். டிசம்பரில் சூரியன் ஒன்பதேகாலுக்கு வந்து மூன்றரைக்குள் போய்விடும். ஆபீஸ் போகும்போது ராத்திரி, திரும்பும்போதும் ராத்திரி. ஆக நான் குளிர்காலம் முழுக்க வாகனம்.

அதை இஷ்டத்துக்குத் தொங்கவிடவும் முடியாது. முழங்கால் உயரம், வலது பக்கம். கார் வெளிச்சம் அங்கேதான் விழுமாம். நடப்பது சாலையின் இடது ஓரத்தில், எதிரே வருகிற கார் நமக்கு வலப்பக்கம், அதனால் வலது. காரணம் சரிதான். இருட்டில் கறுப்புக் கோட்டுக்காரன் டிரைவர் கண்ணுக்குப் படுவது 30 மீட்டரில். இது தொங்கினால் 130 மீட்டரிலேயே தெரிந்துவிடும். ஊரே கறுப்புக் கோட்டுத்தான்.

பாங்க்கில் கணக்குத் திறந்தால் ரிஃப்ளெக்டர் கொடுக்கிறார்கள். ஆபீசில் பிறந்தநாளுக்கு ரிஃப்ளெக்டர். தேர்தலில் கட்சிக்காரர்களும் ரிஃப்ளெக்டர்தான். வேட்டி சேலை எதிர்பார்த்து நின்றேன், பிளாஸ்டிக் ஆந்தை கிடைத்தது. மீன், இதயம், முள்ளம்பன்றி எல்லாம் சேர்ந்துவிட்டன. வீட்டில் ராத்திரி தண்ணீர் குடிக்க விளக்கைப் போட்டால் ஆணியில் மாட்டியதெல்லாம் மின்னுகிறது. சாமான் கொண்டுவருகிற குட்டி ரோபோ ஒன்று எங்கள் தெருவில் திரியும், ஆறு சக்கரம், தலையில் கொடி. அதற்குக்கூட விளக்கு எரிகிறது. சில ராத்திரி தெருவில் நடப்பது அதுவும் நானும் மட்டும்தான். கிராசிங்கில் அது எனக்காக நின்றது, நான் அதற்காக நின்றேன். கடைசியில் நான்தான் முதலில் போனேன்.

பொங்கலன்று கூத்து. இங்குள்ள நம்மவர்கள் ஹால் எடுத்திருந்தார்கள். உள்ளே இரண்டு தெர்மல், மேலே பட்டு வேட்டி, அதன்மேல் கோட்டு. ஊக்கைக் கோட்டில் குத்தியிருந்தேன், ஆனால் காற்றில் வேட்டி எழும்பி அதை மூடிவிட்டது. போலீஸ்கார அம்மா ஒருவர் வண்டியை நிறுத்தி இறங்கி வந்தார். அபராதம் என்று நினைத்தேன். பையிலிருந்து புதிதாக ஒன்று எடுத்து, ஜரிகைக் கரையை விரலால் தொட்டுப் பார்த்து, "இதுவே கொஞ்சம் மின்னுகிறது" என்றார். அம்மாவிடம் சொல்லுங்கள், அந்த வேட்டி பாஸ்.

சட்டம் என்று பார்த்தால் ஐஸ் ரோடு இன்னும் மோசம். கடல் நன்றாக உறைகிற வருஷங்களில் ஹீயுமா தீவுக்குக் கடல்மேலேயே கார் விடுவார்கள், சுமார் 25 கிலோமீட்டர். அங்கே 25க்குக் கீழே போகலாம், இல்லாவிட்டால் 40க்கு மேல், 70 வரை. நடுவே உள்ள வேகம் கூடாது, அடியில் தண்ணீரில் அலை எழும்பிப் பனிக்கட்டியை உடைத்துவிடுமாம். நிற்கக் கூடாது. சீட் பெல்ட் போடக் கூடாது, முழுகினால் குதிக்கவேண்டுமே! நான் கப்பலில் போனேன்.

வாய்விட்டுச் சிரித்து ரொம்ப நாளாகிறது. சிரித்தாலும் கேட்க ஆள் இல்லை என்பதுதான் குறை. பஸ் ஸ்டாப்பில் இரண்டு மீட்டர் இடம் விட்டு நிற்கிறார்கள், மழை கொட்டினாலும் நெருங்க மாட்டார்கள். கெட்டவர்கள் இல்லை. எதிர் வீட்டுக்காரர் என் வாசல் பனியைத் தள்ளி வைத்துவிட்டு, நன்றி சொல்ல நான் கதவைத் திறப்பதற்குள் ஓடிவிடுகிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் ஊலெமிஸ்தேயில் ரெயில் பால்டிகாவின் புது டெர்மினல் கட்டுகிற இடத்துக்குப் போய் வேலிக்கு வெளியே நின்று பார்ப்பேன். ஜல்லி நல்ல ஜல்லி. காங்கிரீட் ஸ்லீப்பர். இதையெல்லாம் ஒருவரிடம் சொல்லவேண்டும் என்றால் பட்டுக்கோட்டைக்குத்தான் போன் போடவேண்டியிருக்கிறது, அங்கே நீங்கள் தூங்கியிருப்பீர்கள்.

நண்பர் ஒருவர் அடுத்த மாதம் திருச்சி வருகிறார். அவரிடம் பத்து ரிஃப்ளெக்டர் கொடுத்தனுப்புகிறேன். நீங்கள் சாயங்காலம் ரயில்வே கேட் பக்கம் நடக்கும்போது கட்டாயம் மாட்டுங்கள். ஆந்தை அம்மாவுக்கு. நம் ஊரில் வண்டி இடது பக்கம் ஓடுவதால் நீங்கள் சாலையின் வலது ஓரத்தில் நடந்து, ஊக்கை இடது முழங்காலில் குத்தவேண்டும். வேட்டியை மடித்துக் கட்டினால் சரிவராது, இறக்கிவிட்டு நடங்கள்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மகன்