கொழுப்பில்லாப் புண்ணியம்

1990-களில் அமெரிக்க அடுப்பங்கரைகள் கொழுப்பு என்ற பாவத்தைக் கழுவிக்கொண்டன. வீட்டுச் சாக்லேட் கேக்கில் எண்ணெய்க்குப் பதில் ஆப்பிள் கூழ், மஞ்சள்கருவுக்குத் தடை. கேக் ரப்பராக வந்தது. தவத்தில் ருசி பார்க்கலாமா?

கிராமுக்குக் கொழுப்பில் 9 கலோரி, சர்க்கரையில் 4தான். வெண்ணெய் விட்ட இடத்தைச் சர்க்கரை பிடித்தது நியாயமே.

1992-இல் நபிஸ்கோ நிறுவனம் ‘ஸ்நாக்வெல்ஸ்’ என்று கொழுப்பில்லாச் சாக்லேட் கேக் பிஸ்கட்டையே இறக்கியது. கடைகளில் தட்டுப்பாடு! பெட்டி பெட்டியாகத் தின்ற இந்தப் பக்திக்கு ‘ஸ்நாக்வெல் விளைவு’ என்று பெயரும் கிடைத்தது.

கணக்கு சுத்தமானது. கொழுப்பு பாதியா? இரண்டு துண்டு. கால்வாசியா? நான்கு. பூஜ்ஜியமென்றால் வகுக்கவே முடியாது. முழு கேக்கும் ஒருவருக்கே.

தொண்டையில் இறங்கத்தான் மறுத்தது. அதற்காக மேலே இரண்டு கரண்டி ஐஸ்கிரீம். அதுவும் கொழுப்பு குறைந்தது என்பதால், இன்னும் இரண்டு.