மொத்தக் கணக்கில் செத்தவர்கள்

டோக்கியோவில் யாசுகுனி ஆலயத்தை ஒட்டி யூஷூகான் என்றொரு போர் அருங்காட்சியகம் இருக்கிறது. நுழைந்ததுமே கூடத்தில் கறுப்பு நீராவி எஞ்சின் ஒன்று, சி 5631, எண்ணெய் போட்டுத் துடைத்து மாப்பிள்ளை மாதிரி நிற்கிறது. இரண்டாம் உலகப் போரில் ஜப்பான் போட்ட சயாம்–பர்மா ரயில் பாதையின் 1943 அக்டோபர் திறப்பு விழாவில் ஓடிய பெருமை அதற்கு. 1979-இல் தாய்லாந்திலிருந்து பத்திரமாக ஊர் கொண்டுவந்து சேர்த்தார்கள். காடும் மலையும் குடைந்து 415 கிலோமீட்டர், பதினாறே மாதத்தில். சாதனைதான், யார் இல்லை என்றது? பாதைக்கு அடியில் கிடப்பவர்களைப் பற்றி மட்டும் எஞ்சின் வாய் திறக்காது. எஞ்சினுக்கு ஏதய்யா வாய் என்பீர்கள்; கொண்டுவந்து வைத்தவர்களுக்கு இருக்கிறதே! 1978-இல் 14 ஏ வகுப்புப் போர்க்குற்றவாளிகளைச் சத்தமில்லாமல் தெய்வங்களின் வரிசையில் சேர்த்த ஆலயம் அது.

எதிர்த்தரப்பின் ஞாபகம் சினிமாக் கொட்டகையில் வளர்ந்தது. அந்தப் பாதையின் பாலம் ஒன்றை வைத்து 1957-இல் டேவிட் லீன் எடுத்த குவாய் நதிப் பாலம் படத்துக்கு ஏழு ஆஸ்கர். அதில் கைதியான பிரிட்டிஷ் கர்னல், ஜப்பானியனுக்கே பாலம் கட்டப் பாடம் நடத்துகிறார்! கைதியானாலும் வாத்தியார் வேலை போகவில்லை பாருங்கள். படம் பிடித்தது இலங்கையில், களனி ஆற்றங்கரைக் கித்துல்கலவில். படம் பார்த்தவர்கள் கூட்டம் கூட்டமாகத் தாய்லாந்தின் காஞ்சனபுரிக்கு வந்து குவாய் எங்கே என்று கேட்டார்கள். பாலம் நின்றது மே குளோங் ஆற்றின்மேல். வந்த விருந்தாளியை ஏமாற்றலாமா? 1960-இல் அந்த ஆற்றுக்கே க்வே யாய் என்று பெயர் சூட்டிவிட்டார்கள். (குவாய் என்று வெள்ளைக்காரர் சொல்லும்போது தாய்க்காரன் காதில் எருமை என்று விழுகிறதாம்.) நேச நாட்டு விமானங்கள் குண்டு போட்டு உடைத்த நடுப்பகுதிக்குப் போர் இழப்பீடாக ஜப்பான் இரும்புச் சட்டங்கள் கொடுத்தது. இன்று அதே பாலத்தில் வருடந்தோறும் ஒலி ஒளிக் காட்சி.

நேச நாட்டுப் போர்க்கைதிகளின் வேதனை பொய்யல்ல. 60,000 பேருக்கு மேல் அங்கே வேலை செய்தார்கள், 12,000 பேருக்கு மேல் இறந்தார்கள். போர் முடிந்த கையோடு ஒரு குழு போய், பாதை நெடுகக் காடுகளில் அலைந்து அவர்களுடைய குழிகளைக் கண்டுபிடித்தது. இப்போது காஞ்சனபுரிக் கல்லறையில் காமன்வெல்த் படையினர் 5,084, டச்சுக்காரர் 1,896. வரிசை வரிசையாகக் கல், பூச்செடி, கத்தரித்த புல். பார்க்கவே மரியாதையாக இருக்கும்.

சரி, நம் ஆள்?

பர்மியர், ஜாவாக்காரர், மலாய்க்காரர், தமிழர் என்று இரண்டு லட்சம் ஆசியர்கள் அங்கே மண் சுமந்தார்கள். ஜப்பான் அவர்களுக்கு வைத்த பெயர் ரோமுஷா. மலாயாவிலிருந்து போன எழுபதாயிரம் பேரில் பெரும்பாலோர் தோட்டத்துத் தமிழர்கள். நாளுக்கு ஒரு வெள்ளி, சில மாதத்தில் வீடு என்று முதலில் ஆசை காட்டினார்கள். ஆள் கிடைக்காதபோது லயத்துக்கே லாரியை விட்டு அள்ளிக்கொண்டு போனார்கள். காலராக் கொட்டகைக்குப் போனவன் திரும்பவில்லை. எத்தனை பேர் செத்தார்கள்? ஒருவர் 70,000 என்பார், ஒருவர் 90,000, இன்னொருவர் லட்சம். சிப்பாய் செத்தால் கடைசி இலக்கம் வரை எண்ணுகிறார்கள். கூலி செத்தால் பூஜ்ஜியங்களைக் கூட்டிக் குறைத்துக்கொள்கிறார்கள். இருபதாயிரம் பேர் கணக்கில் விழுந்தாலும் எழுந்தாலும் யாருக்கும் உறுத்துவதில்லை.

மற்ற எல்லாவற்றுக்கும் முறைத்துக்கொள்ளும் பழைய பகையாளிகள் இந்த ஒரு மறதியில் மட்டும் பங்காளிகள். இருக்காதா பின்னே? கூலியைக் கப்பலேற்றி மலாயாவுக்குக் கொண்டுவந்தவன் ஒருவன், ரயிலேற்றிச் சயாமுக்கு அனுப்பியவன் இன்னொருவன். இரண்டு பேருக்கும் வேண்டியிருந்தது அவன் முதுகு. 2000-இல் பிரிட்டன், உயிரோடிருந்த தன் முன்னாள் கைதிகளுக்குத் தலைக்கு 10,000 பவுண்டு கொடுத்தது. கூலிக்கு அதில் தலையும் இல்லை, பவுண்டும் இல்லை.

நாம் மட்டும் என்ன கிழித்தோம்? மலேசியாவில் ஆர். சண்முகமும் அ. ரெங்கசாமியும் இதை நாவல்களாக எழுதிவைத்தார்கள். வாங்கிப் படித்தவர்கள் கை தூக்குங்கள், எண்ணிப் பார்க்கிறேன். கடைசி இலக்கம் வரை எண்ணலாம், சிரமமில்லை.

காஞ்சனபுரியிலிருந்து நாம் தோக் வரை அந்தப் பாதையில் இன்றும் ரயில் ஓடுகிறது. அன்று நம்மவர்களைக் கூட்ஸ் பெட்டியில் அடைத்து இலவசமாகக் கொண்டுபோனார்கள். இப்போது வெளிநாட்டவருக்கு டிக்கெட் 100 பாட்.