நிலமும் பொழுதும் தவணை முறையில்

டைம்ஷேர் உரிமையாளரின் விடுமுறை இன்பம் ஆண்டுகள் செல்லச் செல்ல எங்கே போய் ஒதுங்குகிறது என்பது குறித்த ஆய்வு

ஆய்வுப் பொருளும் எல்லையும்

நெடுநாள் டைம்ஷேர் வைத்திருப்பவரிடம் "போன தடவை கொடைக்கானல் எப்படி இருந்தது?" என்று கேட்டுப் பாருங்கள். மலையைப் பற்றி ஒரு வார்த்தை வராது. எந்த பிளாக், எத்தனையாவது மாடி, வெந்நீர் எத்தனை மணி வரை வந்தது, அறை இல்லை என்று சொன்னவர்களிடம் எப்படிப் பேசி அறை வாங்கினார் என்பதெல்லாம் வரும். இதே மனிதர் முதல் வருடம் போய்வந்தபோது ஏரி, படகு, பனி, குதிரை மேல் குழந்தை என்று ஆல்பம் ஆல்பமாகக் காட்டியவர்தான். நடுவில் அவருக்குள் நிகழ்ந்தது என்ன என்பதே இவ்வாய்வின் பொருள்.

எல்லை: சென்னைக் குடும்பங்கள், கொடைக்கானல் மலை. காரணம் உண்டு. விடுமுறையை வாரக் கணக்கில் கூறுபோட்டு விற்கும் பழக்கம் 1960களில் சுவிட்சர்லாந்திலும் பிரான்சின் ஆல்ப்ஸ் மலையிலும் பிறந்தது. ஓரிடத்து வாரத்தைக் கொடுத்து வேறோர் இடத்து வாரத்தை வாங்கிக்கொள்ளும் பண்டமாற்றை, 1974இல் அமெரிக்காவின் இண்டியானாபொலிஸில் ஆர்.சி.ஐ. நிறுவனம் தொடங்கிவைத்தது. இந்தியாவில் இந்தத் தொழில் வேர்பிடித்த ஊர்களில் சென்னை முக்கியமானது. 1986இல் ஸ்டெர்லிங், பத்து வருடம் கழித்து மகிந்திராவின் விடுமுறை நிறுவனம் என்று வரிசையாக வந்தன. ஆகவே தி. நகரையும் மாம்பலத்தையும் தாண்டித் தரவு தேட வேண்டிய அவசியம் ஏற்படவில்லை.

தரவு திரட்டிய இடங்கள் கல்யாணப் பந்தி, காலை நடை, அடுக்குமாடி லிப்ட். வினாநிரல் எதுவும் தயாரிக்கவில்லை. டைம்ஷேர்காரரிடம் கேள்வி கேட்க வேண்டியதே இல்லை. ஆய்வாளர் எழுந்து போகாமல் உட்கார்ந்திருந்தால் போதும்.

முதற்பொருள்

தொல்காப்பியர் முதற்பொருள் என்று வகுத்தவை இரண்டு: நிலம், பொழுது. டைம்ஷேர் நிறுவனம் விற்பவையும் மிகச் சரியாக அந்த இரண்டுதான். வீட்டுமனைக்காரன் நிலத்தை மட்டும் விற்கிறான். சினிமா தியேட்டர்காரன் பொழுதை மட்டும் விற்கிறான். இரண்டையும் சேர்த்துக் கட்டி, தவணையில் விற்கலாம் என்று கண்டுபிடித்தவன் அகத்திணையியலைப் படித்திருக்க வேண்டும் அல்லது நம்மைவிடக் கெட்டிக்காரனாக இருக்க வேண்டும்.

கணக்கு இப்படி. வருடத்துக்கு 52 வாரம். ஒரு வாரத்தைச் சுண்ணாம்பு அடிக்கவும் குழாய் மாற்றவும் விட்டுவிட்டால் மிச்சம் 51. ஆக ஓர் அறைக்கு 51 குடும்பங்கள் சொந்தக்காரர்கள். 25 வருட உரிமை என்பது கூட்டிப் பார்த்தால் 175 நாள். பழைய பத்திரங்களில் இருக்கும் 99 வருட உரிமைகூட மொத்தம் 693 நாள்தான், இரண்டு வருடம் நிறையாது. இதை விற்பனைக் கூட்டத்தில் யாரும் கூட்டிப் பார்ப்பதில்லை. நகைக்கடையில் போட்ட கூப்பனுக்குப் பரிசு விழுந்திருக்கிறது, தம்பதி சமேதராக வந்து வாங்கிக்கொள்ளவும் என்று கூப்பிட்டு, குளிரூட்டிய ஹாலில் உட்காரவைத்து, டை கட்டிய பையன் ஒருவன் "சார், இன்னும் இருபது வருஷத்துல ஓட்டல் வாடகை என்ன ஆகும்னு நினைக்கிறீங்க?" என்று கேட்கும்போது, கூட்டல் தெரிந்த கணவனும் கழித்தல் தெரிந்த மனைவியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள். மதியச் சாப்பாட்டுக்குள் கையெழுத்தாகிவிடும்.

பொழுதுக்கு நிறம் உண்டு. கூட்டம் மொய்க்கும் மே மாதம் சிவப்பு. நடுத்தரம் வெள்ளை. மழையும் மூடுபனியுமாக ஊர் வெறிச்சோடிக் கிடக்கும் நாட்கள் நீலம். சில நிறுவனங்கள் சிவப்புக்கும் மேலே ஊதா வைத்திருக்கின்றன. இங்கே இலக்கணச் சிக்கல் ஒன்று எழுகிறது. குறிஞ்சி நிலத்துக்கு உரிய பெரும்பொழுது கூதிரும் முன்பனியும். மே மாதமோ வேனில். வேனில் பாலைக்கு உரியது. அப்படியானால் சிவப்புப் பருவம் வாங்கியவர் குறிஞ்சி நிலத்தைப் பாலைப் பொழுதில் வாங்கியிருக்கிறார். திணைமயக்கத்துக்கு இலக்கணத்தில் இடம் உண்டு என்பதால் பத்திரம் செல்லும். ஆனால் பாலையின் உரிப்பொருளான பிரிதல், வத்தலக்குண்டு தாண்டி மலையேறும் வாகன வரிசையிலேயே தொடங்கிவிடும். பணம் பிரிந்தது ஹாலிலேயே.

இன்னொரு வேடிக்கை. கொடைக்கானல் மலைகளில் நீலக்குறிஞ்சி பன்னிரண்டு வருடத்துக்கு ஒருமுறை பூக்கிறது. 2006இல் பூத்தது, 2018இல் பூத்தது, அடுத்தது 2030. பூப்பது மே மாதத்தில் அல்ல, ஆடி ஆவணிக்கு மேல். அதாவது அதிக விலை கொடுத்துச் சிவப்பு வாங்கியவர் 99 வருடம் போய்வந்தாலும் தம் வாரத்தில் ஒரு பூவைக்கூடப் பார்க்க முடியாது. மலிவான பருவத்தை, அதுவும் மனைவி ஏசிக்கொண்டே இருக்க வாங்கியவர், எட்டுத் தடவை பார்ப்பார். இந்தக் கட்டுரையில் நீதி என்று எதுவும் இல்லை, இருந்தால் அது இந்த இடத்தில்தான் இருக்கிறது.

உரிப்பொருள்

முதல் ஓரிரு வருடம் புணர்தல். விளக்கமே வேண்டாம். கோக்கர்ஸ் வாக், தூண் பாறை, பிரையண்ட் பூங்கா, வெள்ளி அருவி, ஏரியைச் சுற்றி வாடகை சைக்கிள் என்று ஒன்று விடாமல் பார்த்து, நீலகிரித் தைலமும் மலைப்பழமும் வீட்டுச் சாக்லேட்டும் தெருவுக்கே விநியோகித்து, பார்ப்பவரிடமெல்லாம் "நீங்களும் ஒண்ணு வாங்கிப் போட்டுடுங்க" என்று நச்சரிக்கும் காலம். இந்தக் காலத்தில் இவரை நெருங்கக் கூடாது.

அடுத்தது ஊடல். மே மாதத்தில் அறை இல்லை என்று முதன்முதலாகச் சொல்லப்படும் நாளில் தொடங்குவது. "நான் என்ன ஓசியிலயா கேக்கறேன்? நான் ஓனர்!" என்று தொலைபேசியில் உரத்துச் சொல்லப்படும். ஓனர் என்ற அந்தச் சொல்லைத் தம் சொந்த வீட்டைப் பற்றிக்கூட அவர் அவ்வளவு அழுத்தமாக உச்சரித்தது கிடையாது. ஊடல் தணிக்கும் வாயில்களாகப் பாணனும் பாங்கனும் வரும் இடத்தில், இங்கே வாடிக்கையாளர் சேவைப் பெண் வருகிறார். அவர் "உங்க ஃபீலிங்ஸ் எங்களுக்குப் புரியுது சார்" என்கிறார். நவம்பரில் ஓர் அறை தருகிறார். நவம்பரில் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம்.

இரங்கலைச் சுருக்கமாக முடித்துவிடலாம். பராமரிப்புக் கட்டணச் சீட்டு ஆண்டுக்கொருமுறை வரும். போனாலும் கட்ட வேண்டும், போகாவிட்டாலும் கட்ட வேண்டும். போன வருடத்தைவிட எப்போதும் கூட இருக்கும்.

ஆனால் முன்பே பார்த்த பிரிதலையும் சேர்த்து இந்த நான்கும் கடந்து போகின்றன. உரிமையாளரிடம் கடைசிவரை நிலைப்பது முல்லையின் உரிப்பொருளான இருத்தல். காத்திருத்தல். இதுவே இவ்வாய்வின் மையக் கருத்து. அவருடைய இன்பம் குறைவதில்லை, நிலத்தைவிட்டு மெல்ல மெல்லப் பொழுதுக்கு இடம்பெயர்கிறது. மலையில் இருந்த சந்தோஷம் அறைக்கு வருகிறது, அறையிலிருந்து காத்திருப்போர் பட்டியலுக்கு வருகிறது.

இதற்கு வெளிநாட்டுச் சான்றும் இருக்கிறது. நெதர்லாந்தில் 1530 பேரிடம் நடத்தி 2010இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று, விடுமுறைக்குப் போகிறவர்களின் கூடுதல் மகிழ்ச்சி பெரும்பாலும் போவதற்கு முன்னால்தான் இருக்கிறது என்று கண்டது. போய்வந்தபின், மிக மிக ஓய்வாக இருந்துவந்த சிலரைத் தவிர, மற்றவர்கள் வீட்டிலேயே இருந்தவர்களைவிட அதிக மகிழ்ச்சியாக இல்லை. இதை டைம்ஷேருக்குப் பொருத்திப் பாருங்கள். ஓட்டலில் அறை போடுகிறவனுக்கு அந்த முன்மகிழ்ச்சி ஒரு வாரம் கிடைத்தால் அதிகம். டைம்ஷேர்காரருக்கோ மாதக்கணக்கில் கிடைக்கிறது. நள்ளிரவில் புக்கிங் திறக்கும் என்று அலாரம் வைத்து எழுந்திருப்பது, காத்திருப்புப் பட்டியலில் தம் பெயர் மேலே ஏறுகிறதா என்று காபி ஆறுவதுகூடத் தெரியாமல் பார்ப்பது, கொடைக்கானல் இல்லாவிட்டால் ஏற்காட்டுக்கு, அதுவும் இல்லாவிட்டால் மூணாறுக்கு என்று மாற்றுத் திட்டம் தீட்டுவது, எல்லாமே இன்பத்தின் கூறுகள்தாம். அறை தராமல் இழுத்தடிப்பதுதான் நிறுவனம் தரும் உண்மையான சேவை. அது அவர்களுக்கே தெரியாது. தெரிந்தால் அதற்கும் கட்டணம் போடுவார்கள்.

இன்னும் தேர்ந்த நிலை ஒன்று உண்டு. போகாமல் விட்ட வாரங்களைச் சேர்த்துவைப்பது. "எனக்கு ரெண்டு வருஷ வாரம் அப்படியே கெடக்கு" என்று ஒருவர் சொல்லும் குரலைக் கேட்டவர்களுக்குத் தெரியும், அது லாக்கரில் இருக்கும் ஒட்டியாணத்தைப் பற்றிப் பேசும் குரல். ஒட்டியாணத்தை யாரும் இடுப்பில் கட்டிப் பார்த்ததில்லை, அது இருக்கிறது என்பதே போதும். வாரமும் அப்படியே. செலவழித்த விடுமுறை ஏழு நாளில் தீர்ந்துவிடும். செலவழிக்காத விடுமுறை காலாவதியாகும்வரை இனிக்கும்.

கருப்பொருள்

தெய்வம், உணவு, விலங்கு, பறை என்று கருப்பொருள் பல. இங்கே ஆராயத்தக்கது ஒன்றே: பிரஷர் குக்கர்.

அறையில் குட்டிச் சமையலறை உண்டு. முதல் தடவை மனைவி அதைத் திறந்துகூடப் பார்க்க மாட்டார், விடுமுறைக்கு வந்தது சமைக்கவா என்பார். ஓட்டல் பில் வந்த பிறகு அடுத்த தடவை சிறு மாற்றம் நிகழும். பாண்டியன் எக்ஸ்பிரசில் கொடை ரோட்டில் இறங்கும் குடும்பத்தின் பையிலிருந்து ஒரு கைப்பிடி எட்டிப் பார்க்கும். இதை நகைப்பவர்கள் அறிவியல் அறியாதவர்கள். கொடைக்கானல் கடல்மட்டத்திலிருந்து 2100 மீட்டர் உயரம். அங்கே தண்ணீர் சுமார் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். திறந்த பாத்திரத்தில் துவரம்பருப்பு வேக வேண்டுமானால் அடுத்த பருவத்துக்காரர் வந்துவிடுவார். குக்கர் இன்றியமையாதது. இட்லி மாவு மட்டும் கொண்டுபோகக் கூடாது. அந்தக் குளிரில் பொங்காது, கம்பளியால் போர்த்தினாலும் பொங்காது.

அறைக்குள் நுழைந்ததும் பணியாள் பாத்திரக் கணக்கு எழுதிய தாளை நீட்டுவார். முதல் வருடம் படிக்காமலே கையெழுத்துப் போட்டவர், பிந்தைய வருடங்களில் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கரண்டிகளை மேசைமேல் பரப்பி ஒவ்வொன்றாக எண்ணுவார். டம்ளர் ஒன்று குறைந்தால் முகத்தில் ஒரு பிரகாசம் வரும். "நாலுன்னு போட்டிருக்கு, மூணுதான் இருக்கு" என்று அவர் சொல்லும்போது சன்னலுக்கு வெளியே பள்ளத்தாக்கில் மேகம் இறங்கிக்கொண்டிருக்கும். அவர் திரும்பிப் பார்க்க மாட்டார். மேகத்தைப் பணம் கொடுக்காதவனும் பார்க்கலாம். டம்ளரைப் பற்றிக் கேட்கும் உரிமை ஓனருக்கு மட்டுமே உண்டு.

மறுப்பும் விடையும்

மாப்பிள்ளை ஒருவர் எல்லாக் குடும்பத்திலும் இருக்கிறார். அவர் லேப்டாப்பைத் திறந்து, அன்று கட்டிய மொத்தத் தொகையை வங்கியில் போட்டிருந்தால் வந்திருக்கும் வட்டி, வருடா வருடம் கட்டிய கட்டணம் எல்லாவற்றையும் கூட்டி, "மாமா, இந்தக் காசுக்கு வருஷம் ரெண்டு தடவை நல்ல ஓட்டல்லயே தங்கியிருக்கலாம்" என்பார். கணக்கு சரிதான். ஆனால் போட்ட காசு என்பது கணக்கு அல்ல, உறவு.

1985இல் ஆர்க்ஸ், புளூமர் என்ற இரண்டு உளவியலாளர்கள் ஒரு கேள்வியை முன்வைத்தார்கள். ஒரு பனிச்சறுக்குப் பயணத்துக்கு 100 டாலருக்கும், இன்னொன்றுக்கு 50 டாலருக்கும் சீட்டு வாங்கியிருக்கிறீர்கள். 50 டாலர் பயணம்தான் உங்களுக்கு அதிகம் பிடிக்கும். இரண்டும் ஒரே நாளில் வந்துவிட்டன. எதற்குப் போவீர்கள்? பாதிக்கு மேற்பட்டோர் 100 டாலர் பயணத்தைத் தேர்ந்தார்கள். மாமாவைக் கேட்டிருந்தால், 100 டாலர் பயணத்துக்குப் போய், அங்கே பனி சரியில்லை என்று புகார் எழுதிக் கொடுத்துவிட்டு, நிறைந்த மனத்தோடு திரும்பியிருப்பார்.

"அது நம்ம எடம்" என்பதே மாமாவின் இறுதி விடை. இந்த வாதத்துக்கு அண்மையில் ஒரு சோதனை வந்தது. சென்னை உயர்நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் போகும் வெளியூர் வாகனங்களுக்கு இ-பாஸ் வேண்டும். உள்ளூர்க்காரர்களுக்குத் தேவையில்லை. 51இல் ஒரு பங்கு உள்ளூர்க்காரரை எந்தப் பட்டியலில் சேர்ப்பது என்று இணையதளத்தில் ஒரு கட்டம் இல்லை என்பது மாமாவின் தற்போதைய மனக்குறை. அவர் இப்போது மிகுந்த மகிழ்ச்சியுடன் இருக்கிறார்.

வாரிசுரிமை

பிள்ளைகள் சிறுவர்களாக இருந்தபோது வாங்கிய அறை, அவர்கள் வளர்ந்ததும் போதாமல் போகிறது. தரையில் கூடுதல் மெத்தைக்குத் தனிக் காசு. பிறகு ஒருவன் பெங்களூருக்கும் ஒருவன் நியூஜெர்சிக்கும் போய்விட, அதே அறை பெரிதாகிவிடுகிறது. முட்டி வலி வந்ததும் மூன்றாம் மாடி, மாடியாக அல்லாமல் மலையாகவே ஆகிறது. உரிமையாளரின் பிற்கால இன்பம் பற்றி நேரடித் தரவு திரட்டுவதில் ஒரு தடை உண்டு. நாற்பது வயதில் 1989இல் 99 வருடப் பத்திரம் வாங்கியவருக்கு அது முடியும்போது வயது 139.

ஆகவே கடைசித் தரவு பத்தாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் கிடைத்தது. நங்கநல்லூர் வீட்டில் பாகப்பிரிவினைப் பேச்சு. மனையை அங்குலக் கணக்கில் அளந்து, கிணறு யார் பக்கம் என்று இரண்டு மணி நேரம் பேசிய அண்ணன் தம்பிகள், பீரோவின் அடித்தட்டிலிருந்து அந்தப் பச்சைக் கோப்பு வெளியே வந்ததும் சட்டென்று குரல் தாழ்த்தினார்கள்.

"தம்பி, அப்பாவுக்கு உன் மேலதான் உசுரு. கொடைக்கானலை நீயே வெச்சுக்க."

"ஐயையோ, மூத்தவர் நீங்க இருக்கறப்ப நான் எப்படிண்ணே? நீங்கதான் வெச்சுக்கணும்."

அண்ணி உள்ளே காபி போடப் போனார். தம்பி மனைவிக்குப் போன் வந்தது. கோப்பைத் தொடாமல் இருவரும் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, சுவரோரம் உட்கார்ந்திருந்த அம்மா கேட்டார்: "ஏண்டா, மே மாசத்துக்கு ரூம் இருக்கான்னு யாராவது போன் போட்டுக் கேட்டீங்களா?"