பத்து ரூபாய் வில்லை

எங்கள் பகுதிக் காவல் நிலையத்தில் திருடனைக் கண்டு யாரும் பதறுவதில்லை. புகார் கொடுக்க வருகிறவரைக் கண்டால் தலைகூட நிமிராது. ஆனால் மஞ்சள் பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஒரு பெரியவர் படியேறினால் மட்டும் ரைட்டர் ஏட்டு அவசரமாக நிமிர்ந்து உட்கார்ந்து, மேஜைமேல் விரிந்து கிடக்கும் பதிவேடுகளை ஒவ்வொன்றாக மூடிவைப்பார். வந்திருப்பவர் மனுதாரர்.

2005ஆம் ஆண்டு அக்டோபரில் தகவல் அறியும் உரிமைச் சட்டம் அமலுக்கு வந்த பிறகு பேட்டைக்கு ஒருவராக முளைத்த இனம் இது. எங்களுடையவர் ஏதோ ஓர் அரசு அலுவலகத்தில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். ‘தங்கள் மனு பரிசீலனையில் உள்ளது’ என்ற வாக்கியத்தை ஆயுள் முழுக்க ஊருக்கு அனுப்பிக்கொண்டிருந்தவர். அதற்குள்ளே ஒன்றும் கிடையாது என்பது அவரைவிட யாருக்குத் தெரியும்? பையில் எப்போதும் ஒரு கோந்து பாட்டில், பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லைகள், மூலை மடித்த சட்டப் புத்தகம். பதிவுத் தபாலை 2025இல் விரைவுத் தபாலோடு இணைத்தபோது நெருங்கிய உறவில் துக்கம் நேர்ந்தவர் மாதிரி இரண்டு நாள் யாரிடமும் பேசாமல் இருந்தார்.

ஆரம்பம் என்னவோ சாதாரணமானதுதான். ஆடி மாதத்தில் நள்ளிரவு தாண்டியும் அலறிய ஒலிபெருக்கி. புகார் கொடுத்தார்; சி.எஸ்.ஆர். ரசீது கொடுத்தார்கள். மேற்கொண்டு ஒன்றும் நடக்கவில்லை. ‘என் புகார்மீது எடுக்கப்பட்ட நடவடிக்கை விவரம்’ என்று முதல் மனு போட்டார். அதற்கப்புறம் கோயில் கமிட்டி மாறிவிட்டது. ஒலிபெருக்கிக்காரர் தொழிலை விட்டுவிட்டு பந்தி பரிமாறும் ஒப்பந்தம் எடுக்கிறார். மனுதாரர் வீட்டு வளைகாப்புக்கே அவர்தான் சமையல். மனு மட்டும் ஓடிக்கொண்டிருக்கிறது.

அவருடைய வித்தையில் முதல் பாடம், ‘ஏன்’ என்று கேட்கக் கூடாது. கற்றுக்குட்டிகள்தான் ‘ஏன் நடவடிக்கை எடுக்கவில்லை?’ என்று எழுதுவார்கள். அது தகவல் என்ற விளக்கத்துக்குள் வராது என்று ஒரே வரியில் பதில் வந்துவிடும். தேறியவர் ‘மேற்படி நாளன்று பொது நாட்குறிப்பில் செய்யப்பட்ட பதிவின் சான்றிட்ட நகல்’ என்று கேட்பார். காகிதம் இருந்தால் கொடுத்தாக வேண்டும். இல்லையென்றால் இல்லை என்பதை எழுத்தில் கொடுத்தாக வேண்டும். இரண்டாவதுதான் அவருக்கு மிகவும் பிடித்தமானது.

காவல் நிலையங்களில் கண்காணிப்புக் கேமரா கட்டாயம், பதிவுகளைப் பதினெட்டு மாதம் வைத்திருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2020 டிசம்பரில் உத்தரவு போட்டது. அந்த வாரமே வில்லை ஒட்டிவிட்டார். கேமரா பழுது என்று பதில் வந்தது. பழுதுநீக்கக் கேட்டு எழுதிய கடிதத்தின் நகல் கேட்டார். பிறகு அந்தக் கடிதம் பதிவான அனுப்புகைப் பதிவேட்டின் பக்கம். பிறகு அந்தப் பதிவேடு வாங்கிய ரசீது. இந்தக் கட்டத்தில் கேமராவைச் சரிசெய்துவிடுவதே மலிவு என்று நிலையத்தில் முடிவு செய்துவிட்டார்கள்.

சிரிப்புக்கு நடுவே ஒன்றைச் சொல்லத்தான் வேண்டும். தெருமுனையில் தொங்கும் பட்டா புத்தகத்தில் இரவு ரோந்துக்காரர் கையெழுத்துப் போட வேண்டும் அல்லவா? அதன் ஒரு வருட நகலை, பக்கத்துக்கு இரண்டு ரூபாய் கட்டி வாங்கிவந்து பூதக்கண்ணாடியோடு உட்கார்ந்தார். ஒரே பேனா, ஒரே மை, ஒரே சாய்வு. அதையாவது விதி என்று விடலாம். ஜூன் 31ஆம் தேதியும் தவறாமல் ரோந்து வந்திருந்தார்கள். அந்தப் பக்கத்தை மட்டும் பெரிதாக்கி மறுபடி அனுப்பி, ‘இந்த நாளின் வருகைப் பதிவேட்டு நகல் தேவை’ என்று கேட்டாரே தவிர, வேறு ஒரு வார்த்தை எழுதவில்லை. இப்போது எங்கள் தெருவில் இரவு இரண்டு மணிக்கு நிஜமாகவே விசில் சத்தம் கேட்கிறது. தூக்கம் கெடுகிறது என்று சிலர் அவரிடமே போய்ப் புலம்பினார்கள். மனு எழுதிக் கொடுக்கிறேன் என்றார்.

மறுப்பதற்குக் காவல் துறைக்குப் பிடித்த ஆயுதம் பிரிவு 8(1)(எச்): தகவல் கொடுத்தால் புலனாய்வுக்கு இடையூறு. அதற்கும் இவரிடம் மாற்று உண்டு.

“ஏட்டய்யா, இடையூறுன்னு சொன்னா போதாது. எப்படி இடையூறுன்னு காட்டணும். டெல்லி ஹைகோர்ட், 2007, பகத் சிங்.”

“அவரைத்தான் வெள்ளைக்காரன் தூக்குல போட்டுட்டானே சார்?”

“அவர் வேற. இவர் வருமான வரித் துறைகிட்ட மனு போட்டவர்.”

அவருக்குப் பஞ்சாங்கமே தனி. மனு சேர்ந்த நாளிலிருந்து முப்பது நாள். தாண்டினால் நகலெல்லாம் இலவசம், நாளைக்கு 250 ரூபாய் வீதம் 25,000 வரை அலுவலருக்கு அபராதம் விதிக்கலாம். அந்தப் பணம் இவருக்கு வராது என்பது வேறு விஷயம். இருபத்தொன்பதாம் நாள் தபால்காரர் வந்துவிட்டால் முகம் தொங்கிப்போகும். “என்னங்க, கேட்டதைத்தானே குடுத்திருக்காங்க?” என்பார் மனைவி. அதுதானே வருத்தம்! பதிலே வராவிட்டால்தான் முதல் மேல்முறையீடு. அது அதே துறையின் மூத்த அதிகாரியிடம், அதாவது மகனைப் பற்றித் தாயிடமே முறையிடுவது மாதிரி. அப்புறம் தொண்ணூறு நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையம். அங்கே வரிசை நீளம். ஆனால் காத்திருப்பதில் அவருக்குச் சர்வீஸ் அனுபவம் இருக்கிறது.

2022இல் தாம்பரமும் ஆவடியும் தனி ஆணையரகங்களாகப் பிரிந்தது அவருக்குப் புது விளையாட்டாகிவிட்டது. வேப்பேரியில் இருக்கும் சென்னை ஆணையரகத்துக்குப் போக வேண்டிய மனுவை வேண்டுமென்றே தாம்பரத்துக்கு அனுப்பி, சட்டப்படி ஐந்து நாளுக்குள் மாற்றி அனுப்புகிறார்களா என்று நாள் எண்ணினார். அனுப்பிவிட்டார்கள். நல்ல அதிகாரி போலிருக்கிறது என்று சலித்துக்கொண்டார்.

அவர் மெய்யாகவே கலங்கியது ஒருமுறைதான். 2014 செப்டம்பரில், தகவல் கேட்பவர் எதற்கென்று காரணம் சொல்ல வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் ஒரு தீர்ப்பில் எழுதியது. சட்டத்தின் பிரிவு 6(2) காரணமே கேட்கக் கூடாது என்கிறது. அவர் வாழ்க்கையே அந்த ஒரு வரியில் நிற்கிறது. சில நாளிலேயே நீதிமன்றம் தானாகவே அந்தப் பகுதியை நீக்கிக்கொண்டது. அன்று தெருவுக்கே கேசரி கொடுத்தார். எதற்கு என்று கேட்டவர்களுக்குக் காரணம் சொல்லவில்லை.

போன மாதம் ரைட்டர் ஏட்டு அவர் வீட்டு வாசலில் நின்றார், மஃப்டியில். 2015 வெள்ளத்தில் நிலையத்துப் பழைய கோப்புகள் ஊறிக் கூழாகிவிட்டன. அந்த வருடத்துக்கு முந்தைய ஒரு பதிவு இப்போது அவசரமாகத் தேவைப்படுகிறதாம். ஊரில் அதன் நகல் இருக்கக்கூடிய இடம் ஒன்றுதான்.

“வாங்க ஏட்டய்யா. எழுத்துல இருக்கா?”

ஏட்டு சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த தாளை எடுத்து நீட்டினார். அனுப்புநர், பெறுநர், பொருள் எல்லாம் ஒழுங்காக இருந்தன. வலது மூலையில் பத்து ரூபாய் வில்லைகூட ஒட்டியிருந்தது. மனுதாரர் விளிம்பை நகத்தால் நிமிண்டிப் பார்த்தார். நன்றாகத்தான் ஒட்டியிருந்தது.

“இது எதுக்குன்னா சார், ஒரு கேஸ்ல கோர்ட்டு…” என்று ஏட்டு ஆரம்பித்தார்.

“அதெல்லாம் நீங்க சொல்லக் கூடாது” என்று மனுதாரர் கையை உயர்த்தினார். “ஆறு, உட்பிரிவு ரெண்டு. மொத்தம் எத்தனை பக்கம்னு பாத்துச் சொல்றேன், உட்காருங்க.”