பொன்மலைப் பூப்படப் பொருளதிகாரம்

ஆய்வின் தேவை

செம்பருத்திப் பூவைக் கைபேசியில் படம் எடுப்பவனுக்குத் தமிழில் இலக்கணம் இல்லை. காதலிப்பவனுக்கு இருக்கிறது. அடுத்தவன் மாட்டை ஓட்டிக்கொண்டு வருபவனுக்கு இருக்கிறது. கோட்டை மதிலை முற்றுகையிடுபவனுக்குக்கூட இருக்கிறது. விடியற்காலை ஐந்தே முக்காலுக்குக் கைலியை மடித்துக் கட்டி, வேலியோரம் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பவனுக்கு மட்டும் ஒரு நூற்பாவும் இல்லை. அந்தக் கோலத்தில் நிற்கும் இக்கட்டுரையாளனிடம், தெருநாய்க்குப் பயந்து நீளக் கம்போடு நடைப்பயிற்சி போகும் பெரியவர் ஒருவர் தினமும் கேட்பது ஒரே கேள்வி: "என்ன தம்பி, ஏதாவது தொலஞ்சு போச்சா?"

அந்தக் கேள்விக்கு முறையான விடை தரும் பொருட்டே இவ்வாய்வு. களம், திருச்சி பொன்மலை ரயில்வே காலனியில் ஒரு குவார்ட்டர்ஸ் வாசல். ஆய்வுப் பொருள், ஒரு செம்பருத்திச் செடி. ஆய்வாளர் ஒருவர், ஆய்வை எதிர்ப்பவரும் ஒருவர், ஆய்வாளரின் இல்லத்தரசி. செடிக்குப் பதினோரு வருடமாகத் தண்ணீர் ஊற்றுபவர் அவரே என்பதால் அவருடைய எதிர்ப்புக்குச் சட்ட அடிப்படை உண்டு.

முன்னோர் செய்தவை

முதல் பெயர் கபிலர். குறிஞ்சிப்பாட்டில் தலைவியும் தோழியும் பறித்துவந்து பாறையில் குவிக்கும் பூக்கள் 99. பட்டியலில் முதலாவது செங்காந்தள். இன்று அது தமிழ்நாட்டின் மாநில மலர். பட்டியலில் முதலிடம் பிடித்தவருக்குப் பதவி எப்படியும் வந்து சேரும், இரண்டாயிரம் வருடம் பொறுத்திருந்தால் போதும் என்பது இதனால் பெறப்படும். செம்பருத்தி அந்த 99-இல் இல்லை. 1960-இல் மலேசியா அதைத் தன் தேசிய மலராக அறிவித்துக்கொண்டது. பொன்மலையில் இன்னும் அது தலைக்குத் தேய்க்கும் எண்ணெயில் போட்டுக் காய்ச்சுகிற சரக்குதான்.

இரண்டாம் பெயர் மா. கிருஷ்ணன் (1912–1996). 'ஸ்டேட்ஸ்மன்' நாளிதழில் 1950 தொடங்கி இறக்கும்வரை 46 ஆண்டுகள் இயற்கை பற்றிப் பத்தி எழுதியவர். யானைகளைக் கறுப்பு வெள்ளையில் எடுத்தவர். வெவ்வேறு கேமராக்களின் உறுப்புகளைத் தானே பூட்டிச் சேர்த்து ஒரு கருவி செய்து, அதற்கு 'சூப்பர் பாண்டரோசா' என்று பெயரும் வைத்தார். ஒர்க்‌ஷாப் காலனியில் இந்தச் செய்தியைச் சொன்னால் கிடைக்கும் மரியாதையே வேறு. பக்கத்து வீட்டு ஓய்வுபெற்ற ஃபிட்டர் கேட்டதும் சொன்னார்: "அப்ப அவரு நம்மாளு சார்."

முதற்பொருள்

முதற்பொருள் நிலமும் பொழுதும்.

நிலத்தைப் பொறுத்தவரை, பொன்மலையில் வரலாறு எப்போதும் சத்தமாகவே நடந்திருக்கிறது. இந்தப் பாறைக்காக 1753-இல் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் பீரங்கியோடு மோதினார்கள். நாகப்பட்டினத்தில் இருந்த தென்னிந்திய ரயில்வே ஒர்க்‌ஷாப் 1920-களின் இறுதியில் இங்கே வந்து சேர்ந்தது. ஊட்டி மலை ரயிலுக்கு நீராவி எஞ்சின் செய்து கொடுத்ததும் இந்த இடம்தான். இத்தனை இரும்புச் சத்தத்துக்கு நடுவே காலனி மட்டும் வேம்பும் புங்கும் தூங்குமூஞ்சியுமாக நிழலில் கிடக்கிறது. இங்கே மனிதருக்கு இடத்தை அளந்துதான் கொடுத்தார்கள். மரத்துக்கு யாரும் அளக்கவில்லை.

பொழுதைத் தொல்காப்பியர் ஆறாகப் பகுத்தார். பூப்படத்துக்கு அவ்வளவு தேவையில்லை, இரண்டு போதும்: பூப் பறிப்பதற்கு முன், பூப் பறித்த பின். செம்பருத்தி விடியலில் விரிந்து அந்தியில் வாடும்; அதன் ஆயுள் ஒரு பகல் என்பது தாவரவியல். ஆறேகாலுக்கு அது சாமி படத்துக்குப் போய்விடும். அதன் ஆயுள் அரை மணி நேரம் என்பது குடும்பவியல். முரண் வரும்போது குடும்பவியலே செல்லும்.

கருப்பொருள்

தெய்வம்: சாய்வாக விழும் இளவெயில். உணவு: ஆறிப்போன காபி. விலங்கு: அணில். புள்: தவிட்டுக்குருவி. ஏழெட்டாகச் சேர்ந்து வந்து, கேமராக்காரன் நிற்பதை ஊருக்கெல்லாம் கூவி அறிவிப்பது இதன் கடமை. பறை: ஒர்க்‌ஷாப் சங்கு. பண்: சமையலறையிலிருந்து வரும் "ஏங்க!" என்னும் விளி. இது மூன்று முறை ஒலிக்கும். மூன்றாவது முறை நெடில் நீளும். தொழில்: நிற்றல்.

உரிப்பொருள்

குறிஞ்சி, புணர்தல். கண்ணும் பூவும் வெளிச்சமும் ஒரே நொடியில் கூடுவது. வருடத்துக்கு இரண்டு முறை நிகழும். அப்போது கைபேசி சார்ஜில் இருக்கும்.

முல்லை, இருத்தல். வருவதாகச் சொல்லாமலே போன தேன்சிட்டுக்காகக் காத்திருப்பது. இங்கிலாந்தில் கியர்ட்டன் சகோதரர்கள் 1900 வாக்கில் பறவைகளை ஏமாற்ற, பாடம்செய்த மாட்டுத் தோலுக்குள் கேமராவோடு ஒளிந்து நின்றார்கள். பொன்மலை முறை இதைவிட எளிது: கொடியில் காயும் போர்வைக்குப் பின்னால் நிற்பது. ஆனால் அந்தக் கொடியிலேயே தேன்சிட்டு கூடு கட்டிவிட்டால் முறை தலைகீழாகும். ஊதாப்பிட்டுத் தேன்சிட்டுக்குக் கொடிக் கம்பி மிகவும் பிடித்த இடம். நாரையும் சருகையும் சிலந்தி நூலால் கட்டி, ஒரு கிழிந்த பை தொங்குவது போலக் கூட்டைத் தொங்கவிடும். முட்டையிட்டு, குஞ்சு பொரித்து, அது பறக்கும்வரை ஏறத்தாழ ஒரு மாதம் கொடியில் துணி போட முடியாது. ஈர வேட்டி ஜன்னல் கம்பிக்கு இடம்பெயரும். அங்கிருந்து பிறப்பது அடுத்த திணை.

மருதம், ஊடல். இத்திணைக்கு உரிய செடி கறிவேப்பிலை. எலுமிச்சையிலும் கறிவேப்பிலையிலும் முட்டையிடுகிற வண்ணத்துப்பூச்சி உண்டு. அதன் புழு சின்னதாக இருக்கும்போது பறவை எச்சம் போலவே தெரியும், வளர்ந்தபின் இலைப்பச்சை. தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து செந்நிறத்தில் கவட்டைக் கொம்பொன்றை நீட்டி, ஒரு நெடியையும் விடும். ஆய்வாளர் இதை அற்புதம் என்றார். "ரசத்துக்கு ஒரு இணுக்கு இல்ல, உங்க அற்புதம் தின்னுடுச்சு" என்றது எதிர்த்தரப்பு. செடியில் கிழக்குக் கிளை புழுவுக்கு, மேற்குக் கிளை ரசத்துக்கு என்று உடன்பாடு ஆயிற்று. புழு உடன்பாட்டில் கையெழுத்துப் போடாததால் மூன்றே நாளில் மேற்கேயும் வந்துவிட்டது.

நெய்தல், இரங்கல். எடுத்த படத்தைப் பார்த்தல். இத்திணையின் கூற்று மாறாதது: "இந்தக் கிளை ஆடுது பாரு, இங்கதான் அது உட்கார்ந்திருந்துச்சு."

பாலை, பிரிதல். நினைவகம் நிரம்பியபின் அழிக்க வேண்டியவற்றை அழிப்பது. இது தனிமனிதத் துயரம் அன்று. இந்தியர்களின் கைபேசிகள் ஏன் இப்படி அடைத்துக்கொள்கின்றன என்று ஆராய்ந்த கூகுள்காரர்கள், காலை வணக்கம் சொல்லும் பூப்படங்களே காரணம் என்று கண்டுகொண்ட செய்தி 2018-இல் வெளியாயிற்று. நாடே பூவால் மூச்சு முட்டிக்கொண்டிருந்திருக்கிறது. ஆய்வாளரின் கைபேசியில் அன்றைய கணக்குக்குச் செம்பருத்தி மட்டும் 2,300. எதை அழிப்பது? எல்லாம் ஒரே செடியின் பிள்ளைகள்.

கைக்கிளை

ஒருதலைக் காமமான கைக்கிளைக்கு ஒரு களப்பயணம் தேவைப்பட்டது. ஸ்ரீரங்கம் தீவின் மேல்கோடியில், மேலூரில், காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் இடையே 25 ஏக்கரில் வண்ணத்துப்பூச்சிப் பூங்கா இருக்கிறது, 2015-இல் திறந்தார்கள். வண்ணத்துப்பூச்சிகளுக்குப் பிடித்த செடியை வைத்து, அவையே வரட்டும் என்று விட்ட இடம். இரண்டு பஸ் மாறிப் போய், அரை நாள் வெந்தய வரியன் ஒன்றின் பின்னால் அலைந்தேன். ஆரஞ்சு இறகு, கறுப்பு விளிம்பு, அதில் வெள்ளைப் புள்ளி. அது என்னை ஒரு முறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. அது முட்டையிடுவது எருக்கஞ்செடியில் என்பதை அங்கேதான் தெரிந்துகொண்டேன். மாலையில் வீடு திரும்பினால், எங்கள் தெருச் சாக்கடையோரத்து எருக்கில் நான்கு வெந்தய வரியன்கள் சாவகாசமாகச் சுற்றிக்கொண்டிருந்தன. பத்து வருடமாக அந்த எருக்கைத் தாண்டித்தான் பால் வாங்கப் போகிறேன்.

புறம்

அகத்தைப் போலவே புறத்திணைகளுக்கும் தமிழன் பூவின் பெயரைத்தான் வைத்தான். பகைவர் ஆநிரையைக் கவர்வது வெட்சி. அதை மீட்பது கரந்தை. இரண்டும் கபிலர் பட்டியலில் உள்ள பூக்கள்.

காலனியில் ஆநிரை கிடையாது, பூநிரை உண்டு. பொழுது புலருமுன் மதிலுக்கு மேலே ஒரு துரட்டி நீளும், கிளை வளையும், பூ போகும். சாமிக்காகப் பறித்த பூ திருட்டில் சேராது என்பது தமிழ்நாடு முழுவதும் ஏற்றுக்கொள்ளப்பட்ட எழுதாத சட்டம். பறித்தவருக்குப் புண்ணியத்தில் பாதி, செடிக்காரருக்குப் பாதி என்று ஒரு பங்கீடும் சொல்வார்கள். எங்கள் வீட்டுப் புண்ணியம் மாதக்கணக்கில் இப்படிச் சேர்ந்துகொண்டிருந்தது. ஆள் யார் என்று மட்டும் தெரியவில்லை.

ஆய்வு முடிவுகள்

ஒரு நாள் இரவு, பாலைத்திணைக்கு உரிய துயரத்தோடு படங்களை அழித்துக்கொண்டிருந்தேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு எதிர்த்தரப்பு பக்கத்தில் வந்து உட்கார்ந்தது. "இது எந்த ஊருப் பூங்க? இவ்வளவு நல்லா இருக்கு."

"நம்ம வாசல் பூதான்."

கைபேசியை வாங்கி, விரலால் பெரிதாக்கிப் பார்த்தார். "நடுவுல நீட்டிக்கிட்டிருக்கே தண்டு, அதோட உச்சியில பாருங்க. அஞ்சு பொட்டு வச்சிருக்கு. கவனிச்சீங்களா?"

ஆய்வாளர் கவனித்திருக்கவில்லை. 2,300 படங்களிலும் சூலகத்தின் நுனியில் ஐந்து சிவப்புப் பொட்டுகள் வட்டமாக இருந்தன. ஒளி பார்த்தேன், கோணம் பார்த்தேன், பின்னணி மங்குகிறதா என்று பார்த்தேன். பூவைப் பார்க்கவில்லை.

முதல் முடிவு இதிலிருந்தே வருகிறது. அகப்பாட்டில் தலைவன் தானாக ஒன்றும் பேசிக்கொள்வதில்லை. கேட்கத் தோழியோ பாங்கனோ வேண்டும், குறைந்தபட்சம் ஒரு நெஞ்சாவது வேண்டும். பூப்படத்துக்கும் அதே விதி. எடுத்தவன் பார்ப்பதில்லை; யாரிடம் காட்டுகிறானோ அவர்தான் பார்க்கிறார். காட்டப்படாத படம் கேட்பாரற்ற கூற்று.

அவர் மேலும் சில படங்களைத் தள்ளிப் பார்த்துக்கொண்டே வந்தார். ஒன்றில் விரல் நின்றது. "இது என்னங்க, மூலையில? கொக்கி மாதிரி?"

பூவுக்குப் பின்னால், மங்கலில், மதிலுக்கு அந்தப்புறம் ஒரு நீளக் கம்பின் நுனி. நுனியில் வளைவாக ஏதோ கட்டியிருந்தது. இன்னும் ஐந்தாறு படங்களிலும் அதே கம்பு இருந்தது. தெருநாய் எதுவும் அவ்வளவு உயரத்தில் வருவதில்லை.

மறுநாள் நாலரைக்கே கரந்தைப் படை வேலியோரம் நின்றது. படைத்தலைவி கையில் டார்ச்; எனக்குப் பின்வரிசை. அன்றைக்குச் செடியில் மூன்று மொட்டுகள் விரியக் காத்திருந்தன. ஐந்து மணி சுமாருக்குச் செருப்புச் சத்தம் வந்தது. மதிலருகே அது நின்றது. டார்ச் எரிந்தது.

பெரியவர் கண்ணைச் சுருக்கிக்கொண்டு எங்களைப் பார்த்தார். பழக்க தோஷத்தில் வாயில் வந்தது அதே கேள்விதான்: "என்னம்மா, ஏதாவது தொலஞ்சு போச்சா?"

"ஒண்ணும் இல்லீங்கய்யா. சாமிக்கு வேணும்னா தாராளமா எடுத்துக்கங்க. உச்சியில இருக்கே, அந்த ஒண்ணை மட்டும் விட்டுருங்க. இவரு படம் எடுக்கணும்."

பெரியவர் துரட்டியை மெல்ல இறக்கி மதிலில் சாய்த்தார். சட்டைப் பையைத் தடவிக் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, மதிலுக்கு மேலே கையை நீட்டினார்.

"படமா? எங்க தம்பி, காட்டு."