அமெரிக்க மடக்குக்கத்தியில் மான்மை: ஓர் ஆய்வு

எதையும் நறுக்காத கத்திக்கே மதிப்பு அதிகம் என்பது அமெரிக்க மடக்குக்கத்திச் சேகரிப்பாளர்களின் முதல் நியதி. சாணைக்கல்லைத் தொட்ட அலகு விலை இறங்கும். ஆப்பிள் தோலைச் சீவிய அலகு இன்னும் இறங்கும். இப்படிக் கத்தியின் தொழிலைக் கத்தியிடமிருந்து பறித்துவிட்ட பிறகு ஆராய்வதற்கு மிஞ்சுவது கைப்பிடிதான். ஆகவே இத்துறையின் சச்சரவுகளில் பெரும்பகுதி ஒரே கேள்வியைச் சுற்றி நடக்கிறது: இந்தப் பிடி எதனால் ஆனது? எலும்பா, கொம்பா, செல்லுலாய்டா, டெல்ரின் பிளாஸ்டிக்கா? கேள்வியே பிழை என்று நிறுவுவது இக்கட்டுரையின் நோக்கம். பிடி எதனால் ஆனது என்பது இரண்டாம்பட்சம். எதுவாக வேடம் கட்டியிருக்கிறது என்பதே முதன்மை. அந்த வேடம் பெரும்பாலும் மான் வேடம். எந்தப் பொருளும் பிடியாக மாறும்போது மானாகத் தோன்ற முயலும் இந்த இயல்பை, வேறு நல்ல பெயர் கிடைக்கும்வரை, ‘மான்மை’ என்று அழைப்போம்.

முதலில் மூல மானைப் பார்த்துவிடலாம். அமெரிக்கக் கத்திகளில் ‘ஸ்டாக்’ என்று போற்றப்படும் கொம்புப் பிடி பெரும்பாலும் அமெரிக்க மானுடையது அன்று. அது நம் முதுமலையிலும் ஆனைமலையிலும் திரியும் கடமானின் இனத்தது. கடமான் கொம்பில் உள்ளிருக்கும் பஞ்சுப்பகுதி குறைவு, புறப்பட்டை கெட்டி. அதனால் ஷெஃபீல்டு கத்திக் கொல்லர்கள் அதை விரும்பினார்கள், அமெரிக்கர்களும் அவர்கள் வழியே சென்றார்கள். 1990களின் இறுதியில் இந்தியா கொம்பு ஏற்றுமதியைத் தடை செய்தபோது அமெரிக்கக் கத்தி ஆலைகள் கவலைப்பட்டதற்குக் காரணம் இதுதான். ஆனால் தடைக்கு வெகு காலம் முன்பே கொம்பு விலை கூடிய சரக்கு. மலிவான மாற்றாக வந்தது மாட்டின் கால் எலும்பு. அதை அறுத்து, கொழுப்பு நீங்க வேகவைத்து, சுழலும் வெட்டுப்பல்லால் மேற்பரப்பைக் கொத்திக் குழியாக்கி, பழுப்புச் சாயத்தில் ஊறவைத்தார்கள். கொத்திய குழிகள் கொம்பின் சொரசொரப்பையும், சாயம் கொம்பின் நிறத்தையும் தந்தன. கையில் வழுக்காமல் இருக்கத்தான் கொத்தினார்கள், இதில் வேடம் எங்கே வந்தது என்று நடைமுறைவாதிகள் கேட்பார்கள். குழி பிடிமானம் தரும் என்பதை ஒப்புக்கொள்வோம். பழுப்புச் சாயம் எந்தக் கைக்குப் பிடிமானம் தந்தது? அக்காலப் பட்டியல்களே கொத்திய எலும்பை ‘போன் ஸ்டாக்’ என்றும், சில வேளை வெறும் ‘ஸ்டாக்’ என்றும் போட்டு விற்றன. உண்மைக் கொம்பை விற்க ‘ஜெனுயின்’ என்ற அடைமொழி தேவைப்பட்டது. அசலுக்கே சான்றிதழ் கேட்கும் நிலை வந்துவிட்டதென்றால் மாடு எவ்வளவு திறமையாக நடித்திருக்க வேண்டும்!

எண்கள் பொய் சொல்லாது என்று நம்புவோர் அடுத்து வருவார்கள். பென்சில்வேனியாவின் பிராட்ஃபோர்டு ஊரில் இயங்கும் கேஸ் நிறுவனம் தன் கத்திகளுக்கு இடும் வடிவ எண்ணில் முதல் இலக்கம் பிடிப்பொருளையும் இரண்டாவது அலகுகளின் எண்ணிக்கையையும் குறிக்கும். 6254 என்றால் எலும்புப் பிடி, இரண்டு அலகு, 54ஆம் வடிவம். அதுதான் புகழ்பெற்ற டிராப்பர். 5 என்று தொடங்கினால் உண்மைக் கொம்பு, 8 என்றால் முத்துச்சிப்பி, 9 என்றால் போலிச் சிப்பி. ரெமிங்டன் இதையே வாலில் வைத்தது: 1922இல் வந்த ஆர்1123 என்ற தோட்டாச் சின்னக் கத்தியின் கடைசி இலக்கமான 3 எலும்பைச் சொல்லும். இவ்வளவு ஒழுங்கு இருக்கும்போது குழப்பத்துக்கு இடமேது? கேஸின் 6ஐ நெருங்கிப் பார்த்தால் இடம் தெரியும். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் எலும்புக்குத் தட்டுப்பாடு வந்தபோது ‘ரஃப் பிளாக்’ என்ற கரிய, சொரசொரப்பான செயற்கைப் பிடியைப் போட்டார்கள். எண் 6ஆகவே இருந்தது. 1960களின் பிற்பகுதியில் டெல்ரின் வந்தது; அதற்கும் 6. ஆக, 6 குறித்தது பொருளை அன்று, பாத்திரத்தை. நடிகர் மாறினாலும் சுவரொட்டி மாறவில்லை. போலிச் சிப்பிக்கு மட்டும் தனி எண் ஏன் என்றால், சிப்பி கனவான்களின் சட்டைப்பைக்கு உரியது. அங்கே ஏமாந்தவர் வழக்குப் போடக்கூடும். இது என் ஊகமே, ஆனால் நல்ல ஊகம்.

மான்மைக் கோட்பாட்டின் உச்சச் சான்று இனிமேல்தான். கடமான் கொம்பின் சொரசொரப்பான வெளிப்பட்டையை அறுத்தெடுத்தபின் உள்ளே வழுவழுப்பான பகுதி மிஞ்சும். கேஸ் அதையும் வீணாக்கவில்லை. எலும்பைக் கொத்துவதுபோலவே அதையும் கொத்தி, சாயமேற்றிப் பிடியாக்கியது. சேகரிப்பாளர்கள் இதை ‘செகண்ட் கட் ஸ்டாக்’ என்று அழைத்துத் தேடி அலைகிறார்கள். அதாவது கொம்பாக நடிக்கும் எலும்பைப்போல நடிக்கும் கொம்பு. இதை எந்த வகையில் வைப்பது? பொருளே அடையாளம் என்பவர்கள் கொம்பு என்று எழுதிவிட்டு நகர்வார்கள்; ஆனால் அவர்களும் சாதாரணக் கொம்புக்குக் கொடுக்காத மரியாதையை இதற்குக் கொடுப்பார்கள். அந்த மரியாதை இரட்டை வேடத்துக்கு அல்லாமல் வேறு எதற்கு? போலிமீதான இந்த ஈர்ப்பு புதிதும் அன்று. 1876இல் வெளியான ‘டாம் சாயர்’ நாவலில் டாமுக்குப் பரிசாகக் கிடைக்கும் பார்லோ கத்தி எதையும் வெட்டாது. அதுபோன்ற கத்திக்குப் போலி செய்து அதன் பெயரைக் கெடுக்க முடியும் என்று சிறுவர்கள் எப்படித்தான் நம்பினார்களோ என்று மார்க் ட்வைன் அங்கேயே வியந்திருக்கிறார்.

வேடத்தைக் கலைப்பது எப்படி என்பதே நடைமுறைக் கேள்வி. இங்கே விதி எளிது: அசல் தன் குறையால் அறியப்படும், போலி தன் குறையின்மையால். உருப்பெருக்கியில் பார்த்தால் எலும்பில் இரத்தநாளங்கள் ஓடிய நுண்துளைகள் கரும்புள்ளிகளாகவும் கோடுகளாகவும் தெரியும். ஆணி அடித்த இடத்தில் மயிரிழை விரிசல் ஓடும். சாயம் மேலோடு நிற்பதால் தேய்ந்த மேடுகள் வெளுக்கும். டெல்ரினில் இவை எதுவும் கிடையாது. நிறம் அடிவரை ஒன்று, நுண்துளை இல்லை. ஷ்ரேட் நிறுவனத்தின் ‘அங்கிள் ஹென்றி’ கத்திகளில் இருந்த ‘ஸ்டாக்லான்’ பிடியை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றைத் தனியாகப் பார்த்தால் மான்தான். ஒரே வடிவத்தில் இரண்டை அருகருகே வைத்தால் அதே பள்ளம், அதே மேடு, அதே இடத்தில். இரு மான்களுக்கு ஒரே தழும்பு இருக்காது. சூடான ஊசியால் குத்தி மோந்துபார்க்கும் பழைய முறையும் உண்டு. எலும்பு கருகிய மயிர் வாடை வீசும், டெல்ரின் மூக்கைக் குத்தும், செல்லுலாய்டு கற்பூர மணம் தரும். இம்முறையை நான் பரிந்துரைக்கமாட்டேன். பிடியில் ஓட்டை விழுவது ஒருபுறம். நைட்ரோசெல்லுலோசும் கற்பூரமும் சேர்ந்த பொருள் செல்லுலாய்டு, மணம் வருமுன் சுடர் வந்துவிடலாம். கோயிலில் அது முறை, கண்ணாடி அலமாரியில் அன்று.

செல்லுலாய்டைச் சொன்னதும் வலிமையான மறுப்பு ஒன்று எழும். ஹயாட் 1870இல் காப்புரிமை பெற்ற இப்பொருளுக்குத் தூண்டுகோல் பில்லியர்டு பந்துக்கான தந்தத்தின் விலை. அது ஆமையோடாக, சிப்பியாக, தந்தமாக எல்லாம் நடித்தது, மானுக்கென்று உழைக்கவில்லை. மிட்டாய்க் கோடு போட்ட சிவப்பு வெள்ளைப் பிடியோ எந்த உயிரையும் போலச் செய்யவில்லையே! மிட்டாய்க்கோடு மிட்டாயாக நடிக்கிறது என்பதே என் விடை. மான் இல்லாவிட்டாலும் வேடம் இருக்கிறது. தவிர, நடித்துக் களைத்த செல்லுலாய்டு மட்டுமே இத்துறையில் பழிவாங்கும் பொருள். நாள்பட அது சிதைந்து வெளியிடும் நைட்ரிக் அமில ஆவி தன் அலகைத் துருப்பிடிக்கவைக்கும். பக்கத்தில் கிடக்கும் அப்பாவிக் கத்திகளின் அலகையும் விடாது. விவரமறிந்தவர்கள் அதைத் தனி அறையில் வைப்பது வகைப்பாட்டு நோக்கில் அன்று.

ஒரே ஒரு சான்று இக்கோட்பாட்டுக்கு அடங்க மறுக்கிறது. இன்று கேஸ் விற்கும் பிடிகளில் கொத்தாமல் வழவழப்பாக விட்டு, நீலமாகவும் ஊதாவாகவும் சாயமேற்றிய எலும்பும் உண்டு. சொரசொரப்பு இல்லை, பழுப்பு இல்லை. நீல மானோ எக்காட்டிலும் இல்லை. அதை மட்டும், வேறு வழியின்றி, எலும்பு என்றே குறித்துக்கொள்ளலாம்.